எஃப்.டி.பி.க்கு ட்ரான்ஸ்பர்

ஹப்புகந்தை தோட்டத்தில் ஒரு செய்தி பரவுவதற்கு இணையம் தேவையில்லை. பெரிய கிளாக்கர் அந்தனி அதை இரகசியம் என்று சொன்னால் போதும்.

அந்தத் திங்கட்கிழமை கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்த கடிதத்தை அவர் மூன்று தடவை வாசித்தார். முதல் தடவை கண்ணாடி இல்லாமல், இரண்டாம் தடவை கண்ணாடியோடு, மூன்றாம் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அதை எழுதியவருக்கே விளங்கியிருக்குமா என்பது சந்தேகம். அந்தனிக்கு அதில் மூன்று சொற்கள் சந்தேகமில்லாமல் பிடிபட்டன: எஃப்.டி.பி., ட்ரான்ஸ்பர், ஜொய்சி.

"வெளிய போகக் கூடாது. ஆபீஸ் இரகசியம்" என்றார், தேத்தண்ணி கொண்டுவந்த தெரேசம்மாவிடம்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வாளி மலைக்குப் போனது. இரகசியமும் அதன் கூடவே போனது. பதினொரு மணிக்கு மேல்பிரிவில் கொழுந்தெடுத்தவர்களுக்கு விசயம் தெரிந்துவிட்டது: ஸ்டோரு ஆபீஸ் ஜொய்சிக்கு ட்ரான்ஸ்பராம், எஃப்.டி.பி. தோட்டத்துக்காம். பன்னிரண்டு மணிக்குள் அந்தத் தோட்டம் பதுளைப் பக்கம் ஒரு மலையில் உட்கார்ந்துவிட்டது. குளிர் கடுமையாம், ஆனால் தண்ணீர் வசதி நல்லதாம். தன் நாத்தனார் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னவளும் உண்டு.

ஜொய்சிக்கு விசயம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்கும்போது தெரேசம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"புள்ள, போற எடத்துல ஸ்வெட்டர் இல்லாம இருக்க ஏலாதாமே."

"நான் எங்கக்கா போறேன்?"

"எஃப்டிபிக்கு."

ஜொய்சிக்குச் சோறு புரையேறிவிட்டது. சிரித்து முடிக்க ஒரு கோப்பைத் தண்ணீர் வேண்டியிருந்தது.

"அது தோட்டமில்ல அக்கா. இங்க இருக்கிற பைல கொழும்புக் கம்ப்யூட்டருக்கு அனுப்புறேன்ல, அந்த வழிக்குப் பேருதான் எஃப்டிபி."

"அப்ப ட்ரான்ஸ்பர் பைலுக்குத்தானா?"

"பைலுக்குத்தான்."

"ஒனக்கு இல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அந்தனியின் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தோட்டங்களின் கோப்புகளையும் அடுத்த மாதம் முதல் 'லீஃப்வே 360' என்கிற புதிய மென்பொருள், கொழும்பில் இருந்துகொண்டே இழுத்துக்கொள்ளுமாம். அதனால் இங்கே கோப்பு அனுப்பும் ஆளுக்கு வேலையில்லை. அந்த ஆளைத் தலைமைக் காரியாலயம் 'பெருந்தன்மையோடு உள்வாங்கிக்கொள்ளும்' என்றிருந்தது. புதன்கிழமை அந்த மென்பொருளின் ஆலோசகர் வந்து செய்துகாட்டுவார். தோட்ட மேனேஜர் தொரைக்குத் திருப்தியென்றால் உடனே கையெழுத்து.

தோட்டம் ஒருநாளும் முழுப்பொய் சொல்வதில்லை. ஊர்தான் தவறு. ட்ரான்ஸ்பர் உண்மை.

ஜொய்சிக்கு வயது முப்பத்தெட்டு. கணவன் ஸ்டீபன் அதே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மகள் மெலனி ஒன்பதாம் வகுப்பு. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு, பின்னால் நாலு பாத்தி கீரை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓப்பநாயக்க டவுனின் கூரைகள் வரைக்கும் தெரியும். கொழும்புக்குப் போய் முன்னேற வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முன்னேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்கள் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்றிரவு ஸ்டீபன், "கொழும்புல கொழுந்து வாட்டுற வேல ஏதும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். இருந்தால் வந்துவிடலாம் என்பது போல.

---

கோப்பு அனுப்புவது ஆளில்லாமல் நடக்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஐப்பசி மாதம் இந்தச் சபரகமுவ மலையில் ஒரு கோப்பை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

மாலை நாலு மணிக்குப் பதினான்கு கோப்புகள் கொழும்புக்குப் போக வேண்டும். நாலு பிரிவிலும் நிறுத்த கொழுந்து, வந்த ஆட்கள், வாட்டியது, அரைத்தது, தரம் பிரித்தது என்று ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. மாலை நாலு மணி என்பது இங்கே இடிக்கும் மின்னலுக்கும் ஒதுக்கப்பட்ட நேரம். ஒரு முழக்கம் முழங்கியதும் இணைய லைன் போய்விடும். கோப்பு பாதி போன நிலையில் அறுந்துவிடும். கொழும்புக் கணினி அந்தப் பாதியை முழுசு என்று நம்பி விழுங்கிவிட்டுப் பேசாமலிருக்கும். ஒருமுறை இப்படித்தான், கீழ்ப்பிரிவில் ஒருவர்கூடக் கொழுந்தெடுக்காத காரணம் என்ன என்று விளக்கம் கேட்டுத் தலைமைக் காரியாலயம் எழுதியது. நூற்றுப்பத்துப் பேர் மழையில் நனைந்து அட்டைக்கு இரத்தம் கொடுத்து எடுத்த கொழுந்து அது. 'இயற்கையின் திருவிளையாடலைக் கருத்திற்கொண்டு' என்று தொடங்கி அந்தனி மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது.

இன்னொரு வம்பும் இருந்தது. எஃப்.டி.பி.யில் ஒரு கோப்பை எழுத்தாகவும் அனுப்பலாம், உள்ளது உள்ளபடியும் அனுப்பலாம். எழுத்தாக அனுப்பினால், போகிற வழியில் அது ஒவ்வொரு வரியின் முடிவையும் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். அந்தனி மற்றவர்களின் கடிதத்தைத் திருத்துவது மாதிரி. திருத்திய பிறகு எக்செல் கோப்பு திறக்காது. கடிதமும் விளங்காது.

நாலு வருடத்துக்கு முன் ஜொய்சி இந்த இரண்டு வம்புக்கும் வழி தேடி நுஸ்காவிடம் போனாள். நுஸ்கா, ஓப்பநாயக்க டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கணினி திருத்தும் கடை வைத்திருப்பவள். இருவரும் ஒன்றாக டிப்ளோமா படித்தவர்கள்.

"ஓப்பன் சோர்ஸ்ல சாமான் எக்கச்சக்கம் ஈக்கிது" என்றாள் நுஸ்கா, ஒரு மடிக்கணினியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு. "இந்தா, போர்ட்டர் எண்டு ஒண்ணு. ஜாவால எழுதினது. ஒங்கட ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் ஓடும், கொழுந்து நிறுக்கிற காம்பராவுல ஈக்கிற அந்தக் கிழட்டு மெஷின்லயும் ஓடும். திறந்து பாக்கலாம், பிடிக்காட்டி திருத்தலாம். ஒருத்தனும் ஏன் எண்டு கேக்க மாட்டான்."

ஒருத்தர் கேட்டார். பெரிய கிளாக்கர்.

"ஜாவாவா? ஜாவாத் தேயிலை ஏலத்துல நமக்குப் போட்டி. அவன் சாமான நம்ம ஆபீஸ்ல வைக்கிறது எந்த ஊரு நியாயம்?"

"இது தேயில இல்லீங்கையா. கம்ப்யூட்டர் மொழி."

"ஜாவாக்காரன் மொழியா? அது இன்னும் மோசம்."

போர்ட்டரை எழுதியவர் ஜாவாக்காரர் அல்ல, ஆர்வோ என்கிற பின்லாந்துக்காரர். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் உலகத்துக்காக நிரல் எழுதுகிறவர். நிரல் நல்லதுதான். ஆனால் அனுப்பிய கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்க்காது. ஆர்வோவின் ஊரில் இடி இடிக்காது போலும்.

ஜொய்சி யோசித்தாள். இந்தச் சரிபார்ப்பைத் தோட்டத்துக்காரர்கள் நூற்றைம்பது வருடமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள். விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார், தலை எண்ணி மலைக்கு அனுப்புவார். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது மறுபடியும் எண்ணுவார். வராதவர் யார், பாதியில் போனவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். முழுவேலை செய்தவருக்கு முழுப்பேர், பாதி செய்தவருக்கு அரைப்பேர், கூலியும் அதன்படிதான். வெள்ளைக்காரன் 'பரேட்' என்று கொண்டுவந்து இறக்கியதை நம்மவர்கள் பெரட்டு ஆக்கினார்கள் என்பார்கள்.

இரண்டு மாதம், நாளுக்கு அரைமணி நேரமாக உட்கார்ந்து, நுஸ்காவை ஆயிரம் கேள்வி கேட்டு, அவள் போர்ட்டருக்குள் ஒரு பெரட்டுக்களம் கட்டினாள். அனுப்பும் முன் கோப்புகளை எண்ணும், ஒவ்வொன்றின் பருமனையும் குறித்துக்கொள்ளும். அனுப்பிய பின் அந்தப் பக்கத்துக் கணினியிடம் கேட்டு மறுபடி எண்ணும். எல்லாம் சரியென்றால் 'PERATTU 14/14 OK' என்று காட்டும். பாதி போனது 'ARAIPER'. போகவே போகாதது 'ABSENT'. லைன் வந்ததும் அரைப்பேரையும் ஆப்சென்ட்டையும் தானே திரும்ப அனுப்பும். கூடவே, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே அனுப்பும்.

அதை அவள் ஆர்வோவுக்கு அனுப்பிவைத்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. வேலை அருமை, ஆனால் பெரட்டு என்றால் என்ன, அதை 'சரிபார்' என்கிற மாதிரி ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லாக மாற்றலாமா என்று கேட்டிருந்தார். ஜொய்சி தனக்கு வந்த ஆங்கிலத்தில் விளக்கி, பனிக்குள் நூறு பேர் கூடையோடு நிற்கும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். ஆர்வோ திருப்பி எழுதியது இரண்டே வரி: சரிபார்ப்பதற்கு உலகத்தில் ஆயிரம் நிரல் இருக்கிறது. பெரட்டு எடுப்பதற்கு இது ஒன்றுதான், அப்படியே இருக்கட்டும்.

இப்படியாக, வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கிய சொல் திருத்தம் செய்யப்பட்டு அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகு ஹப்புகந்தையிலிருந்து ஒரு கோப்பும் வழியில் தொலையவில்லை. தொலையாததால் தலைமைக் காரியாலயம் கவனிக்கவுமில்லை. ஒழுங்காக நடக்கும் வேலைக்கு ஆள் தேவையில்லை என்று ஒரு கடிதம் வருவது பிறகு நியாயம்தானே.

---

செவ்வாய்க்கிழமை மாலை மேல்பிரிவுப் பெண்கள் பத்துப் பேர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். தெரேசம்மா முன்னால் நின்று ஒரு பெரிய நீல நிறச் சக்கரப் பையை நீட்டினாள். கஹவத்தை டவுனில் அப்ஹம் நானாவின் கடையில் வாங்கியது.

"குளுருக்கு ஸ்வெட்டர்தான் வாங்கலாமின்னு பாத்தோம். ஒன்னோட அளவு தெரியல. பேக்குக்கு அளவு வேணாமில்ல."

"நான் இன்னும் போகலியே அக்கா."

"போறப்ப குடுத்தா நீ எதுல சாமான் அடுக்குவ?"

ஜொய்சி பையை வாங்கிக்கொண்டாள். சக்கரம் நன்றாகத்தான் உருண்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் நுஸ்காவுக்கு அழைப்பெடுத்தாள்.

"நாளைக்கு வாறவன் என்னத்தக் காட்டினாலும் நீ லோகோவப் பாக்காத" என்றாள் நுஸ்கா. "உள்ளுக்குள்ள என்ன ஓடுது எண்டு பாரு. இப்ப பாதிப் பேரு சும்மா ஈக்கிற சாமானுக்கு மேல பெயின்ட் அடிச்சித்தான் விக்கிறாங்க. அடியில எங்கயாவது ஒரு மூலைல பழைய நெறம் தெரியும்."

---

ஆலோசகரின் பெயர் டெரன்ஸ். பெயருக்குப் பின்னால் இருந்த பதவி இரண்டு வரிக்கு நீண்டது. விசிட்டிங் கார்டை நீட்டும்போது அதை அவரே ஒருமுறை வாசித்துக் காட்டினார், மற்றவர்கள் தவறவிட்டுவிடக் கூடாதே என்று. தொரையின் அறையில் வெள்ளைத் துணி கட்டி புரஜெக்டர் வைத்தார்கள். தொரை தன் நாற்காலியில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தனி முன்வரிசையில் குறிப்பேட்டோடு. ஜொய்சி சுவரோரம்.

டெரன்ஸ் பேசத் தொடங்கினார். எல்லாச் சொற்களும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தவை. ரோபஸ்ட், சீம்லெஸ், எண்ட்-டு-எண்ட். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தனி ஒரு தடவை தலையாட்டினார். 'சினர்ஜி' வந்தபோது இரண்டு தடவை.

"இப்ப இங்க என்ன யூஸ் பண்றீங்க?"

"ஜாவா" என்றார் அந்தனி, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"ஓ, ஓப்பன் சோர்ஸ்." டெரன்ஸ் தொரையைப் பார்த்துச் சிரித்தார். "சேர், சும்மா கிடைக்கிறத நம்பி ஒரு கம்பெனிய நடத்தலாமா? சும்மா கிடைக்கிறதுக்கு யார் பொறுப்பு?"

தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்த தெரேசம்மா, "ஸ்டோருக்கு வர்ற தண்ணிகூட ஊத்துலயிருந்து சும்மாதான் சேர் வருது" என்றாள். "சீனி எத்தன கரண்டி?"

டெரன்ஸ் சீனி வேண்டாம் என்றுவிட்டுத் தொடர்ந்தார். "லீஃப்வே 360 அப்படியில்ல. எங்க நாப்பது இன்ஜினியர்ஸ், ரெண்டு வருஷம் இருந்து, ஒண்ணுமில்லாததுல இருந்து கட்டினது. எல்லாமே சொந்தம்."

வெள்ளைத் துணியில் பச்சை நிறத்தில் ஒரு தேயிலைக் கொழுந்து சுழன்றது. சுழன்று முடிய நேரமெடுத்தது. அதன் கீழே பதினான்கு மாதிரிக் கோப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கொழும்புக்குப் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜொய்சியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நுஸ்கா சொன்னது நினைவுக்கு வர, கொழுந்தை விட்டுவிட்டுத் திரையின் அடியைப் பார்த்தாள். இடது மூலையில், எறும்பு வரிசை மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு வரி:

PERATTU 14/14 OK

அவள் முதலில் நினைத்தது, புரஜெக்டர் வயரைத் தவறுதலாகத் தன்னுடைய கணினியில் மாட்டிவிட்டார்கள் என்றுதான். வயர் போன வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். அது டெரன்ஸின் மடிக்கணினிக்குத்தான் போனது.

"சேர், ஒண்ணு கேக்கலாங்களா? அந்தக் கீழ் மூலைல ஒரு சொல்லு இருக்குதே, அது என்னங்க?"

டெரன்ஸ் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார் என்பது அரை நொடிக்கு முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆலோசகர் என்பவர் தெரியாது என்று சொல்லக் கூடாதென்று எங்கோ படித்திருக்கிறார். எழுத்தெழுத்தாக நிதானமாக எடுத்தார்.

"அது வந்து... பாக்கெட், எரர், ரேட், ஆட்டோமேட்டிக், ட்ரான்ஸ்ஃபர், டெஸ்ட்... யூனிட். பி-ஈ-ஆர்-ஏ-டி-டி-யூ. எங்க கோர் டெக்னாலஜி."

அந்தனி அதை முழுவதுமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தொரை கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கித் துணியைப் பார்த்தார்.

ஜொய்சி அங்கேயே எழுந்து இது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வரிப் பதவிக்காரர் ஒரு பக்கம், ஸ்டோரு கிளாக்கர் ஒரு பக்கம் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிரலே சொல்லட்டும்.

"நல்லா இருக்குதுங்க சேர். இங்க பின்னேரம் இடி இடிச்சா லைன் கட்டாகிரும். அப்ப என்னா காட்டும்?"

"எங்க சிஸ்டத்துக்கு இடியெல்லாம் ஒரு விஷயமே இல்ல. வேணும்னா நீங்களே கழட்டிப் பாருங்க."

கேட்டது கிடைத்தது. டெரன்ஸ் பதினான்கு கோப்புகளையும் மறுபடி அனுப்பத் தொடங்கினார். பதினோராவது போய் முடிந்து பன்னிரண்டாவது பாதிவரை ஏறும்வரை ஜொய்சி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகியிருந்த இணைய டொங்கிளை இரண்டு விரலால் பிடுங்கினாள்.

பச்சைக் கொழுந்து சுழல்வதை நிறுத்தியது. எறும்பு வரிசை சிவப்பானது.

PERATTU 11/14. ARAIPER 1. ABSENT 2.

தொரை எழுந்து, துணிக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து வாசித்தார். அவர் சிங்களவர். துரைமார் பேசும் தோட்டத் தமிழ் அவருக்கு உண்டு. இலக்கணம் கிடையாது, தேவையுமில்லை.

"பெ-ரட்-டு" என்றார். "அரைப்-பேர்."

திரும்பி டெரன்ஸைப் பார்த்தார்.

"மிஸ்டர் டெரன்ஸ், நான் பத்தொம்பது வருசம், காலையில ஆறு மணிக்கு, மழையில, இந்த பாக்கெட் எரர் யூனிட்லதான் நிக்கிறது." விரல் அடுத்த சொல்லைக் காட்டியது. "சரி, அரைப்பேர்க்கு என்னா? அதுக்கும் அந்த மாதிரி நீளம் பேர் இருக்கா?"

முதலில் வெடித்தது தெரேசம்மாவின் சிரிப்பு. தட்டிலிருந்த கோப்பைகள் எல்லாம் கிலுகிலுத்தன.

"நம்ம பெரட்டா? கொழும்புலயும் பெரட்டு வைக்கிறாங்களா? கங்காணி யாரு?"

அந்தனி தன் குறிப்பேட்டைப் பார்த்தார். தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஏழு சொற்களின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜொய்சி தன் கணினியைத் திறந்து போர்ட்டரின் பக்கத்தைக் காட்டினாள். நாலு வருடத்துக்கு முந்திய திகதி, ஆர்வோவின் கேள்வி, அவளுடைய பதில், பனிக்குள் கூடையோடு நிற்கும் படம். தொரை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது நான்தானே, ஓரத்துல" என்றார். தொப்பி மட்டும் தெரிந்தது. அவருடையதுதான்.

டெரன்ஸ் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால்மணி நேரம் வராந்தாவில் நடந்தார். திரும்பி வந்தவர் போனவரைவிட ஒரு சுற்றுச் சின்னவராக இருந்தார். நாற்பது பொறியியலாளர்களும் கடைசியில் நுகேகொடையில் ஓர் அறையில் இருக்கும் ஒரே ஒருவராகச் சுருங்கிவிட்டார்கள். இரண்டு வருடம் இரண்டு வாரமானது. அந்த ஒருவர் செய்ததும், தேயிலைக் கொழுந்தைச் சுழலவிட்டது மட்டும்தான்.

"எனக்கே தெரியாது மிஸ்" என்றார் ஜொய்சியிடம், பக்கத்தில் வந்து மெதுவாக. அன்றைக்கு அவர் பேசியதிலேயே நம்பக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். "இத எடுத்ததுக்கு நீங்க கேஸ் ஏதும் போடுவீங்களா?"

"எடுத்தது தப்பில்லீங்க சேர். எடுக்கத்தான் அங்க வச்சிருக்குது. விக்கக்கூட செய்யலாம். ஆனா அதோட ஒரு நோட்டீஸ் பைல் வரும், அத அழிக்கக் கூடாது. ஒங்காளு அழிச்சிட்டாரு."

"உங்க பேர போடச் சொல்றீங்களா?"

"என் பேரு கடைசியில ஒரு வரிங்க. அதுக்கு முன்ன பதினேழு பேரு இருக்காங்க. எல்லாருக்கும் பேர் போடணும்." அவள் குரல் உயரவில்லை. "வேல செஞ்சவங்களுக்குப் பேர் போடாம விட்டா இங்க மறுநாள் ஸ்ட்ரைக்குங்க."

தொரைக்கு அது உடனே விளங்கியது. டெரன்ஸுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் தலையாட்டினார். அது அந்தனியின் தலையாட்டல் மாதிரி இல்லை.

"இன்னொண்ணு சேர். ஒங்ககிட்ட இருக்கிறது பழைய வெர்ஷன். தமிழ்ல, சிங்களத்துல பேர் வச்ச பைல எண்ணும்போது அது ஒண்ணக் கொறச்சு எண்ணும். போன வருசம் திருத்திட்டோம். புதுச எடுத்துக்கோங்க."

டெரன்ஸ் தெரேசம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். இந்த முறை சீனி மூன்று கரண்டி.

தொரை அங்கேயே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். மறுமுனையில் சிரிக்கவில்லை போலும், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு ஜொய்சிக்கு அதன் சாரத்தைத் தோட்டத் தமிழில் தந்தார்.

"பைல் ட்ரான்ஸ்பர் ஆகட்டும். ஆள் ட்ரான்ஸ்பர் வேணாம்."

---

தலைமைக் காரியாலயங்கள் தவறு செய்வதில்லை, மீளாய்வு செய்கின்றன. பத்தாம் நாள் வந்த கடிதமும் அப்படித்தான் சொன்னது: 'மீளாய்வின் பின், ஹப்புகந்தையின் உள்ளகத் தீர்வை ஏனைய தோட்டங்களுக்கும் விரிவுபடுத்தத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.' ஜொய்சி இருந்த இடத்திலிருந்தே பதினொரு தோட்டங்களின் பெரட்டைப் பார்க்க வேண்டும். அந்தனி இதையும் மூன்று தடவை வாசித்தார். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பெரட்டு என்கிற சொல்லைக் கணினியில் ஏற்றலாம் என்கிற யோசனை ஆரம்பத்தில் யாருடையது என்று தான் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜாவாவைப் பற்றி இப்போது அவருக்கு நல்ல அபிப்பிராயம்.

டெரன்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லீஃப்வே 360-இல் கொழுந்து இப்போதும் சுழல்கிறது. அதன் கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் பதினெட்டுப் பெயர்கள் வருகின்றன. நுஸ்கா அதைப் படம் பிடித்து அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: 'பெயின்ட் உரிஞ்சிட்டுது.'

மீதியிருந்தது அந்த நீலப் பை. பிரியாவிடைக்குத் தந்ததைப் பிரியாதவள் வைத்துக்கொள்வது முறையா என்று ஜொய்சிக்கு உறுத்தியது. ஒரு நாள் மத்தியானம் தெரேசம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, அந்த பேக்கத் திருப்பிக் குடுத்துரட்டுமா?"

"குடுத்தத வாங்குவோமா புள்ள? அப்ஹம் நானாவும் வித்தத எடுக்க மாட்டாரு." தெரேசம்மா கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா ரெண்டு நாளைக்குக் குடு. என் மக பிரசவத்துக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போறா."

பை இரத்தினபுரிக்குப் போய் ஒரு பேத்தியின் துணிகளோடு திரும்பி வந்தது. அடுத்து மேல்பிரிவில் ஒருத்தி மடுக் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோனாள். இன்னொருத்தி கித்துல்கலவுக்கு, தம்பி வேலை செய்யும் ஹோட்டலைப் பார்க்க. யாரோ ஒருவர் உண்மையிலேயே பதுளைக்குக் கொண்டுபோனார். எஃப்.டி.பி. தோட்டத்தை விசாரித்தாராம். இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் என்று சொன்னார்களாம். ஒரு சக்கரம் தேய்ந்தபோது ஸ்டீபன் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய பேரிங் எடுத்துப் போட்டுக் கொடுத்தான்.

யாருடைய கையில் இருந்தாலும் அதன் பெயர் ஜொய்சி பேக்தான். ஆறு மாதத்துக்குள் அது இலங்கையில் பாதியைப் பார்த்துவிட்டது. ஜொய்சி மட்டும் நாலு மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கறுக்கும் வானத்தைப் பார்த்தபடி, பதினொரு தோட்டத்தின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். இடி இடித்தது. ஒன்று அரைப்பேர். லைன் வரட்டும் என்று கீரைக்கட்டை அவிழ்த்து ஆயத் தொடங்கினாள்.